அம்மா அணைக்கவிடாத படம்

அம்மா பிறந்தது அம்பூரியில், ரப்பர் மலையில். வாழ்க்கைப்பட்டு வந்தது காரோட்டுக்கு. அவர் கர்த்தரிடம் போய் ஓராண்டு நிறையும் இந்த நாளில், அவருக்குப் பிடித்த சிரிப்புப் படம் ஒன்றைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், அவருடைய தம்பியான என் மாமா கொதித்துப்போனார்.

"எலே, ஜெபத்துக்கு வாறவங்க கையில குடுக்குற புஸ்தகமாக்கும். இதுல சினிமாக் காரியமா? அக்கா வேதம் வாசிச்சத எழுது."

அம்மா தினமும் வேதம் வாசித்தார். எழுதிவிட்டேன். இனி படத்துக்கு வருகிறேன்.

கல்யாண வீட்டுச் சமையற்காரன் ஒருவன் சாம்பாரிலும் சாணியிலும் மாறிமாறி வழுக்கி விழும் படம் அது. தியேட்டரில் ஓடவில்லை. பார்த்தவர்களும் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. டிவியில் எப்போது வந்தாலும் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார். இதில் என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் எரிச்சலோடு கேட்டேன்.

"நல்லா பாரு மக்கா. எத்தற தடவ விழுதான்! விழும்போ ஒருத்தரயும் பிடிச்சு இழுக்கல்ல, பாத்தியா? தனியாட்டு விழுவான், எழும்பிச் சிரிப்பான். லேசுப்பட்ட காரியமில்லயாக்கும் அது."

அப்பா இறந்தபோது நான் சிறுபிள்ளை. என்னை விடுதியில் தள்ளிவிடச் சொன்னவர்கள் உண்டு. அம்மா கேட்கவில்லை, உதியன்குளங்கரையில் தையல் கடை போட்டார். சாலையை அகலப்படுத்தக் கடையை இடித்தார்கள். மெஷினை வீட்டுக்குள் கொண்டுவந்து மறுநாளே தைத்தார். யாரிடமும் போய் அழவில்லை. அந்தப் படம் மட்டமானது என்பவர்கள் என் அம்மாவின் வாழ்க்கையையும் மட்டம் என்று சொல்லிப் பார்க்கட்டும்.

புற்றுநோய் முற்றிப் படுத்திருந்தபோது போதகர் ஐயா ஜெபிக்க வந்தார். ஐயா வாசலில் கால் வைத்ததும் டிவியை அணைப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். அன்று ஓடிக்கொண்டிருந்தது அந்தப் படம். மாமா ரிமோட்டை எடுத்தார், அம்மா தடுத்தார்.

"அணைக்காண்டாம்லே. ஐயா, இவன் இப்பம் எழும்பிடுவான். பிறகு ஜெபிப்போம்."

ஐயா உட்கார்ந்தார். சமையற்காரன் பாயசத்திலிருந்து எழும்பியபோது முதலில் சிரித்தவரும் ஐயாதான். பிறகு நடந்த ஜெபத்தில் அம்மா சொன்ன ஆமென் தெருவரை கேட்டது. அவர் குரலை அவ்வளவு பலமாக நான் கேட்டது அதுவே கடைசி.

அம்மா கேட்காமலே கைகொடுத்தவர்கள் உண்டு. கஞ்சி கொண்டுவந்த சபை அக்காமார், கூப்பிட்ட நேரமெல்லாம் ஆட்டோ எடுத்த பக்கத்து வீட்டு அண்ணன், ஐயா, என்மேல் இன்னும் கோபம் தீராத, அன்று ஆஸ்பத்திரியில் கூடவே கிடந்த மாமா, எல்லோருக்கும் நன்றி.

இன்று சாப்பாடு முடிந்ததும் முற்றத்துப் பந்தலில் அந்தப் படத்தைப் போடுகிறோம். விருப்பமில்லாதவர்கள் புறப்படலாம், வருத்தமில்லை. இருப்பவர்கள் வாய்விட்டுச் சிரியுங்கள். மாமாவுக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டிருக்கிறேன்.