யாரும் கேட்காத கருப்புக் குட்டி

எங்கள் வீட்டுப் பூனைக்கு மூன்று நிறம். வெள்ளையில் கருப்பும் செம்பட்டையும் திட்டுத் திட்டாக விழுந்திருக்கும். கருமத்தம்பட்டியில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டில், கட்டிலுக்கு அடியில் அது மூன்று குட்டி போட்டது. செம்பட்டைக் குட்டியைப் பக்கத்துத் தறிக்காரர், நூலைக் கடிக்கும் எலிக்கென்று கேட்டு வாங்கிப் போனார். வெள்ளையை மாதா கோயிலில் பாட்டுப் பாடும் பெண் எடுத்துக்கொண்டாள். கருப்பை யாரும் கேட்கவில்லை.

அப்போது என் வீட்டுக்காரருக்கு வயிற்றில் கட்டி. கோயமுத்தூரில் ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். காரில் கூட்டிப்போக இருந்தவர் என் கொழுந்தனார். குட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க அண்ணி, ஆபரேஷன வெச்சுக்கிட்டு இதை ஊட்டுல வளத்தறீங்களா? எங்காச்சும் கொண்டுபோய் உட்டுப்போட்டு வாங்க."

"தாய உட்டு இருக்காதுங்க தம்பி. வெயில்ல தூக்கிப் பாருங்க, கருப்பே இல்ல. காப்பிக்கொட்டை நெறம். உள்ள வரிகூட ஓடுது."

"குறுக்க போறப்ப வரிய எண்ணிட்டு இருப்பாங்களாக்கு."

கட்டிலில் படுத்திருந்த என் வீட்டுக்காரர், "இருக்கட்டும் உடு, எனக்குத் தொணை" என்றார். வலி வந்தால் அதைத்தான் எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொள்வார். ஆண்டவர் கொடுத்த நிறம்தானே என்று நானும் இருந்துவிட்டேன்.

புறப்படும் நாள் காலையில் செபமாலை சொல்லி, அவர் நெற்றியில் சிலுவை போட்டு, பின்சீட்டில் சாய்த்து உட்காரவைத்தேன். கார் வாசலைத் தாண்டியதும் குட்டி ரோட்டின் குறுக்கே ஓடியது. கொழுந்தனார் பிரேக் போட்டார்.

"போச்சுங்க. உள்ள போய் ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு மறுபடி பொறப்படலாங்க."

காரைப் பின்னால் எடுத்தார். குட்டி எதிர்ப்பக்கம் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். தாய் கூப்பிட்டதும் அது திரும்பி ஓடிவந்திருக்கிறது. சக்கரத்தில் சின்னதாக ஒரு சத்தம்.

என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்தபடி இறங்கினார். குனிய முடியவில்லை.

"அது அதும்பாட்டுக்குப் போயிட்டு இருந்துச்சு. நீதான் பின்னால வந்தே."

தம்பியிடம் அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்கென்று எடுத்துவைத்திருந்த துண்டில் சுற்றி, முருங்கைக்கு அடியில் புதைத்தேன். வெயிலில் அந்த வரிகள் தெளிவாகத் தெரிந்தன. பூனைக்கு என்ன செபம் சொல்வது என்று தெரியவில்லை. மனிதருக்குச் சொல்வதையே சொன்னேன்.

கொழுந்தனார் சக்கரத்தைக் கழுவிவிட்டு வந்து தண்ணீர் குடித்தார். மறுபடி புறப்பட்டோம். மூன்று நிறப் பூனை குட்டியைத் தேடிக்கொண்டு காருக்கு முன்னால் குறுக்கே போனது. கொழுந்தனார் பிரேக் போட்டார். அது போகும்வரை பொறுத்திருந்து காரை எடுத்தார்.