சித்தப்பா படித்த மறைக்கல்வி

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு பாடத்தை ஒளித்து வைத்து நடத்துகிறார்கள் என்பதைக் கண்டுபிடித்தது நான்தான். அப்போது ஐந்தாம் வகுப்பு படித்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் எதையும் கண்டுபிடித்ததில்லை என்பதால் அந்தப் பெருமை இன்றும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

அறந்தாங்கியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி அது. ஊர் வாயில் சிஸ்டர் பள்ளிக்கூடம். பிள்ளைகளில் பாதிக்கு மேல் எங்களைப் போன்ற இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் கொஞ்சம், மீதிதான் கிறித்தவர்கள். பிரேயரில் ஒன்றாக நிற்போம், மதியம் ஒன்றாகச் சாப்பிடுவோம், பேசிக்கொண்டிருந்ததற்காக ஒன்றாகவே முட்டி போடுவோம். வாரத்தில் சில பீரியட் மட்டும் எங்களைப் பிரித்துவிடுவார்கள். மணி அடித்ததும் சின்ன சிஸ்டர் வாசலில் வந்து நின்று மறைக்கல்விப் பிள்ளைகளை வரிசையாக வரச் சொல்வார். கிறித்தவப் பிள்ளைகள் எழுந்து அவர் பின்னால் போய்விடுவார்கள். மற்றவர்களுக்கு அதே வகுப்பறையில் நன்னெறி. டீச்சர் கதை சொல்வார். கதையில் பொய் சொன்னவன் மாட்டிக்கொள்வான், உதவி செய்தவனுக்கு நல்லது நடக்கும். பாதியிலேயே எனக்கு முடிவு தெரிந்துபோய்க் கொட்டாவி வரும்.

கண்டுபிடிப்பு நடந்தது தமிழ் வகுப்பில். டீச்சர் ‘மறை’ என்று போர்டில் எழுதி, மறைத்தான், மறைத்தாள், மறைத்தார் என்று எங்களைக் கூடவே சொல்லச் சொன்னார். எல்லோரும் ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருக்க, நான் மட்டும் பாதியில் நின்றுவிட்டேன். மறை என்றால் ஒளித்து வை. அப்படியானால் மறைக்கல்வி என்றால் என்ன? இத்தனை நாளும் எங்கள் மூக்குக்கு முன்னாலேயே சத்தம் போட்டுச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாங்கள்தான் கதை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

துப்பு துலக்க ஸ்டெல்லாவைப் பிடித்தேன். என் பெஞ்சுக்காரி, மறைக்கல்விக்குப் போகிறவள். அவளுடைய அம்மாவுக்கு ஆவூர்ப் பக்கம் சொந்த ஊர், இங்கே வேறொரு பள்ளியில் டீச்சர். ஸ்டெல்லாவிடம் கொஞ்ச நாளாகவே சந்தேகப்படும்படியான நடவடிக்கைகள் இருந்தன. அவளுடைய ரப்பரைப் பிடுங்கினால் பென்சிலையும் சேர்த்துக் கொடுத்தாள். டிபன் பாக்ஸில் முறுக்கு இருந்தும் சாப்பிடாமல் மூடி வைத்தாள். யாரும் சொல்லாமலே போர்டைத் துடைத்தாள். அந்த வகுப்பில் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். அவள் அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டு, “வெளிய சொல்லக்கூடாதுன்னு சிஸ்டர் சொல்லிருக்காங்க” என்றாள்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அப்பா அப்போது குவைத்தில் டிரைவர். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு என்பதால் அன்றைக்குத்தான் போனில் எல்லோரும் பேசுவோம். அந்த வெள்ளிக்கிழமை, ஊரிலிருந்து எங்களுக்கு அரிசி கொண்டுவந்திருந்த சித்தப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் தம்பி. அப்பா இல்லாத இடத்தில் அப்பா மாதிரி. சொல்லப்போனால் அப்பாவைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே அப்பா. போன் என் கைக்கு வந்ததும், எங்கள் ஸ்கூலில் கிறித்தவப் பிள்ளைகளுக்கு மட்டும் மறைத்து ஒரு பாடம் நடத்துகிறார்கள், வெளியே சொல்லக் கூடாதாம், எனக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அப்பா சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. ஆனால் எங்களை ஊரைவிட்டு அறந்தாங்கிக்கு அனுப்பியதில் அவருக்கு உடன்பாடில்லை. ஐந்தாம் வகுப்புப் பொம்பளைப் பிள்ளைக்கு டவுனில் வாடகை வீடு எதற்கு, சிஸ்டர் பள்ளிக்கூடம் எதற்கு, கடைசியில் பிள்ளை எந்தச் சாமியைக் கும்பிடும் என்று ஆரம்பத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தவர். அவருடைய எல்லாக் கேள்விக்கும் நான் ஒரே போனில் விடை கொடுத்துவிட்டேன்.

“திங்கக்கிழம போயி டீசிய வாங்கிருவோம். நீங்களும் ஊருக்கே வந்துருங்க மதினி” என்றார்.

அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி வைத்தார். பிறகு, “சரிங்க தம்பி” என்றார்.

அந்தச் சரியின் எடை எனக்கு அப்போது தெரியாது. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர் அம்மா. என்னை இந்தப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று அப்பாவிடம் மாதக்கணக்கில் போனிலேயே மல்லுக்கட்டி ஜெயித்தவர். ஊர் வீட்டில் அவர் மூத்த மருமகள். பத்துப் பேருக்கு ஆக்கிப் போட்டு, யாராவது வந்தால் எழுந்து நிற்பவர். அறந்தாங்கியில் அவர் பஸ் போர்டைத் தானே படித்து ஏறினார், தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தார், பள்ளிக்கூட மீட்டிங்கில் சிஸ்டரிடம் நேருக்கு நேர் பேசினார். பிள்ளை பொய் பேசாமல் நாலு பேரை மதித்து நடக்க அங்கே பழக்குகிறார்கள் என்பதுதான் எங்கள் பள்ளியைப் பற்றி அவர் எல்லோரிடமும் சொன்ன காரணம். நான் பள்ளியைவிட்டு நின்றுவிட்டால் அம்மாவுக்கு இந்த வீடும் போய்விடும். அந்த இரண்டு நாளும் அம்மா அந்த வீட்டை எப்படிக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தார் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அப்போது நான் சந்தோஷமாக இருந்தேன். சித்தப்பா வந்து அதட்டினால் ஒளித்து வைத்த பாடம் வெளியே வந்துவிடும் என்பதுதான் என் கணக்கு.

திங்கட்கிழமை சித்தப்பா பஞ்சாயத்துக்குப் போகிறவர் மாதிரி வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். பள்ளி வாசல் சுவரில் ‘அன்பு, உண்மை, தொண்டு’ என்று பெரிதாக எழுதியிருக்கும். நின்று நிதானமாகப் படித்தவர், “உண்மைன்னு எழுதிப் போட்டுட்டுத்தான் மறைக்கிறாய்ங்களா” என்றார். எனக்குப் பயங்கரப் பெருமையாக இருந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸை நாங்கள் பெரிய சிஸ்டர் என்போம். உருவத்தில் அந்தப் பள்ளியிலேயே சின்னவர் அவர்தான். சித்தப்பா நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார். பெரிய சிஸ்டர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, மறைக்கல்வி என்றால் என்ன என்று கேட்டார். மறைத்து வைக்கிற கல்வி என்றேன். சந்தேகம் வந்துவிடக்கூடாதே என்று மறைத்தான், மறைத்தாள், மறைத்தார் என்றும் சொல்லிக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறை என்றால் வேதம் என்றும் ஒரு அர்த்தம் உண்டு, அவர்களுடைய வேதத்தைப் படிக்கிற வகுப்பு அது என்றார்.

சித்தப்பா அசைந்து கொடுக்கவில்லை. “அது சரிங்க சிஸ்டர். அப்ப எதுக்கு வெளிய சொல்லக்கூடாதுன்னு பிள்ளைககிட்டச் சொல்றீங்க?”

“சொல்றது உண்மைதான்” என்றார் பெரிய சிஸ்டர். “இப்ப அந்தப் பீரியட்தான். வாங்க, நீங்களே உக்காந்து கேளுங்க.”

அப்படித்தான் நானும் முதல் முறையாக மறைக்கல்வி வகுப்புக்குள் காலடி வைத்தேன். பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று, “குட் மார்னிங் சார், காட் ப்ளஸ் யூ சார்” என்று நீட்டி முழக்கினார்கள். சித்தப்பா ஒரு கும்பிடு போட்டு, “சரி சரி, உக்காருங்க” என்றார். கடைசி பெஞ்சில் அவரை உட்கார வைத்தார்கள். கால் உள்ளே நுழையாமல் வேட்டியோடு பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்தார். நான் ஓடிப்போய் ஸ்டெல்லா பக்கத்தில் இடம் பிடித்தேன்.

சின்ன சிஸ்டர் பாடத்தைத் தொடர்ந்தார். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் அது. தினமும் யாருக்காவது ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும், தனக்குப் பிடித்த ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆனால் செய்ததை யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் அது பாராட்டுக்குச் செய்ததாகிவிடும். இவ்வளவுதான். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் நேராகப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரப்பர், முறுக்கு, போர்டு எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கிட்டத்தட்ட எங்கள் நன்னெறிதான், கதை முடிவில் கிடைக்கிற பரிசு மட்டும் கிடையாது.

சின்ன சிஸ்டர் உதாரணம் கேட்டார், சொன்னால் செய்தது வீணாகிவிடுமே என்று பிள்ளைகளுக்கு இக்கட்டு. வகுப்பே வாயை மூடிக்கொண்டு நெளிந்தது. சின்ன சிஸ்டர் விருந்தாளிக்கு மரியாதை செய்ய நினைத்தாரோ என்னவோ, “ஐயா, நீங்க ஏதாவது ஒரு உதாரணம் சொல்லுங்களேன்” என்றார்.

சித்தப்பாவுக்கு நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் கொள்ளைப் பிரியம். எழுந்து நின்றார். எங்கள் வயலுக்குப் பக்கத்து வயல்காரரோடு வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தை கிடையாது என்பது எனக்கே தெரியும். அதைச் சொல்லிவிட்டு, கையை வீசி மடை திறந்து காட்டியபடி ஆரம்பித்தார்.

“அவன் பொண்டாட்டிய ஆஸ்பத்திரில சேத்துருந்துச்சு. பயிரு காஞ்சு கெடக்கு. கம்மாத் தண்ணி அன்னைக்கி எங்க மொற. விடியறதுக்கு முன்னாடி போயி, மொதத் தண்ணிய அவன் வயலுக்குத் தெறந்துவிட்டுட்டு வந்துட்டேன். இந்நாள் வரைக்கும் எவனுக்கும் தெரியாது. எங்க வீட்டுலயே தெரியாது.”

வகுப்பு வாயைப் பிளந்து கேட்டது. எனக்கே சித்தப்பாவைப் புதிதாகப் பார்ப்பது போலிருந்தது. வரப்பில் கம்போடு நின்று கத்திய சித்தப்பாவைத்தான் எனக்குத் தெரியும். அப்போது ஸ்டெல்லா மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

“சார், இப்ப நீங்க சொல்லிட்டீங்க. அது கணக்குல வராது.”

சின்ன சிஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. சித்தப்பா நாக்கைக் கடித்துக்கொண்டு, “அட ஆமால்ல” என்றார். வேறொன்றைப் புதிதாகச் செய்துவிடுவதாக ஸ்டெல்லாவிடம் ஒப்புக்கொண்ட பிறகுதான் உட்கார்ந்தார். வகுப்பு மொத்தமும் கொல்லென்று சிரித்தது, சித்தப்பா உட்பட.

வெளியே வராந்தாவில் பெரிய சிஸ்டர் காத்திருந்தார். சித்தப்பாவின் குரல் இறங்கியிருந்தது. இவ்வளவு நல்ல விஷயத்தை எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக வைத்துச் சொன்னால் என்ன, எங்கள் பிள்ளையை மட்டும் ஏன் தள்ளி உட்கார வைக்கிறீர்கள் என்று கேட்டார். டீசி கேட்க வந்தவர் அப்படியே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டதை நான்கூடக் கவனித்தேன்.

“நல்லபடியா நடக்கறது எல்லாருக்கும் பொதுங்க. அத எல்லாப் பிள்ளைக்கும் சொல்றோம்” என்றார் பெரிய சிஸ்டர். “சாமி அப்படி இல்ல. ஒங்க பிள்ளைக்கு ஒங்க வீட்டுச் சாமிய நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். அதுல நாங்க கை வைக்கக்கூடாது. அதுக்குத்தான் தனித்தனியா.”

சித்தப்பா தலையை ஆட்டிக்கொண்டே நின்றார். இத்தனை நாளும் என்னை வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைத்த இடம், எனக்காக ஒதுக்கிக் காப்பாற்றிய இடம் என்பது எனக்குப் புரிய இன்னும் பல வருஷம் இருந்தது. அப்போது எனக்குப் பட்டதெல்லாம், சித்தப்பா வந்ததால் உஷாராகி நிஜப் பாடத்தை மாற்றிவிட்டார்கள் என்பதுதான்.

வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் பெரிய சிஸ்டர். சித்தப்பா தொண்டையைச் செருமினார். வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். டீசி என்ற வார்த்தை வரப்போகிறது என்று பார்த்தால், “எம் பையனுக்கு வர்ற ஆனியோட நாலு வயசு முடியுது. எல்கேஜில எடம் இருக்குங்களா?” என்றார்.

அன்று என்னை அரை நாளிலேயே பர்மிஷன் வாங்கி வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். வழியில் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “மதினி, அடுத்த வருசம் சின்னவனும் இங்கிட்டுத்தான். நீங்கதான் வச்சுப் பாத்துக்கணும்” என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

உள்ளே அடுப்படியில் ஒரு சாமான் இல்லை. குண்டான், கரண்டி, அஞ்சறைப் பெட்டி எல்லாவற்றையும் சாக்கில் போட்டுச் சணலால் இறுக்கிக் கட்டி, சுவரோரமாக வரிசையாக வைத்திருந்தார் அம்மா. என் துணிகள் ஒரு பெட்ஷீட்டில் மூட்டையாகக் கிடந்தன. சித்தப்பா சாக்குகளையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு சாக்கின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். அவசரமாக இழுத்ததில் முடிச்சு இன்னும் இறுகியது. சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, தன் பல்லால் கடித்து அதை அவிழ்த்துக் கொடுத்தார்.

“ஏம்மா எல்லாத்தயும் கட்டி வச்சுருக்கீங்க?” என்று கேட்டேன்.

“எறும்பு வந்துருச்சுடி” என்றார் அம்மா, முகத்தை முந்தானையில் துடைத்தபடி.

ரகசியமும் கிடைக்கவில்லை, அடுத்த வருஷம் சித்தப்பா மகன் வேறு வந்து என் பாயில் படுக்கப்போகிறான். கடுப்போடு தேன்மிட்டாயை வாயில் ஒதுக்கிக்கொண்டு, சுவரோரமாகக் குனிந்து, மூலை மூலையாக எறும்பைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை. அம்மா கட்டி வைத்ததால்தான் பயந்து ஓடிவிட்டன என்று நினைத்துக்கொண்டேன்.