டிக்கெட் அக்காவின் சிவப்பு ஏரி

எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வண்டி, எந்த ஹோட்டலில் வெந்நீர் வராது, எந்த மலைப்பாதையில் வாந்தி எடுப்பார்கள் என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. டிக்கெட் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே தெரிந்துகொண்டதுதான். "டிக்கெட் அக்கா உலகத்தையே சுத்திட்டாங்க, நாற்காலிய விட்டு எந்திரிக்காமலே" என்று டிரைவர்கள் கேலி பேசுவார்கள். அவளும் சிரிப்பாள்.

சுற்றுலா பஸ் கம்பெனி அண்ணனுடையது. கல்யாணம் முறிந்து அவள் திரும்பி வந்த வாரமே அண்ணன் அவளை டிக்கெட் ஜன்னலில் உட்கார வைத்தார். பெரிய மனசு என்று ஊரே சொன்னது. அண்ணியும் சொன்னாள், அடிக்கடி.

காமிரா, சுற்றுலா வந்த ஒரு பயணி பஸ்ஸில் விட்டுப்போனது. பிலிம் போடுகிற பழைய ரகம். யாரும் தேடி வரவில்லை. சீட் காலியாகப் போகும் நாட்களில் அண்ணனிடம் கெஞ்சி, கடைசி வரிசையில் உட்கார்ந்து அவளும் போய்வர ஆரம்பித்தாள். படம் எடுத்தாள். எல்லாரும் எடுக்கிற மாதிரியே வந்தது: நீல ஏரி, பச்சை மலை. தபால் அட்டையில் பார்த்ததுதானே என்று அவளுக்கே சலித்தது.

சிவப்பு வந்தது ஸ்டுடியோக்காரர் வாய்வழியாக. பிலிமைக் கழுவிக் கொடுக்கிறவர் அவர். "பிலிமுக்கு முன்பக்கம், பின்பக்கம்னு இருக்கும்மா. சில கிறுக்கனுங்க அதைத் திருப்பிச் சுத்தி, முதுகுல வெளிச்சம் வாங்க வைப்பானுங்க. மொத்தப் படமும் செவேல்னு வரும்" என்றார். அன்று மாலையே அவள் அவரிடம் காலி பிலிம் டப்பாக்களை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

வெளிச்சம் புகாதபடி கறுப்புத் துணியில் இரட்டைப் பை தைத்தாள். கை நுழைக்க இரண்டு ஓட்டை, மணிக்கட்டில் எலாஸ்டிக். உள்ளே புது பிலிம், காலி டப்பா, கத்தரிக்கோல், டேப். கண் பார்க்காமல் விரலே பார்த்து, ஒரு டப்பாவிலிருந்து உருவி, புரட்டி, இன்னொன்றில் ஒட்டிச் சுற்ற வேண்டும். "ஏன், பைக்குள்ள கோழி பிடிக்கிறியா?" என்று அண்ணி கேட்டாள். முதல் இரண்டு சுருள் நாசம். மூன்றாவது சுருள் இருட்டாக வந்தது. பிலிமின் முதுகு வழியாக வெளிச்சம் நுழைய நேரம் பிடிக்கும். டப்பாவில் நானூறு என்று போட்டிருந்தால் காமிராவில் நூறு என்று வைத்து, கூடுதல் வெளிச்சம் விட வேண்டும் என்பதை அவளாகவே பிடித்தாள்.

நாலாவது சுருளில் ஏரி எரிந்தது. தண்ணீர் ஆரஞ்சு, மலை குங்குமம், வானம் பழுத்த இலை மஞ்சள். கரையில் அவர்கள் கம்பெனி பஸ், தீப்பெட்டி அளவுக்கு. எத்தனையோ பேருக்கு டிக்கெட் கிழித்துக்கொடுத்த ஏரி, முதல் தடவையாக அவளுடைய ஏரியாக இருந்தது.

அண்ணன் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கிட்டே கொண்டுவந்தும் பார்த்தார். வியாபாரி, சரக்கு தெரியும். "இதையே காலண்டருக்குப் போடுவோம். நல்லாப் போச்சுன்னா சீசன்லேர்ந்து நீ வண்டியோட போ. கம்பெனி போட்டோகிராபர் நீதான். ஜன்னலுக்கு வேற ஆள் பாத்துக்கறேன்."

"நிஜமாவா அண்ணா?"

"நான் எப்ப பொய் சொன்னேன்?"

அந்த வருஷம் முழுக்க அவள் அந்தப் பேச்சை நம்பித்தான் மூச்சு விட்டாள். பாலம், ரயில்வே கேட், உப்பு குவித்த மைதானம் என்று சுருள் சுருளாக எடுத்தாள். நெகட்டிவ்களை அண்ணன் மகனிடம் கொடுத்தாள். கம்ப்யூட்டரில் காலண்டரை அமைத்தவன் அவன்தான்.

காலண்டர் கட்டு வந்து இறங்கியபோது முதலில் பிரித்தவர் டிரைவர். "என்னக்கா இது, நம்ம பஸ்ஸுக்குக் கதவு அந்தப் பக்கம் போயிடுச்சு? எறங்குனா நேரா நடுரோட்டுலதான் எறங்கணும் போல!"

அவள் வாங்கிப் பார்த்தாள். ஏரி இடம் வலமாகக் கிடந்தது. திருப்பிச் சுற்றிய பிலிமைத் திருப்பித்தான் அச்சுக்கு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியில் பார்த்த மாதிரி வந்துவிடும். ஸ்டுடியோக்காரருக்கு அது தெரியும். அண்ணன் மகனுக்குத் தெரியவில்லை. அவளைக் கேட்கவும் இல்லை. படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் 'புகைப்படங்கள்' என்று போட்டு அவன் பெயர் இருந்தது.

அண்ணன் அறைக்குப் போனாள். "அண்ணா, எல்லாம் இடவலமா இருக்கு. எடுத்தவளக் கேட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா? இதுல அவன் பேரு எப்படி வந்துச்சு?"

"பாக்கறவன் பஸ் கதவையா பாக்கப் போறான்? ஏரியைப் பாப்பான்."

"பேரு?"

"சின்னப் பையன். நாளைக்குத் தொழில்னு ஒண்ணு வேணும்ல. உனக்கென்ன, நீ வீட்டு ஆளு."

"நம்ம வீட்டுப் பேருதானே, வெளியாளா என்ன?" என்று கதவோரத்திலிருந்து அண்ணி எடுத்துக் கொடுத்தாள்.

"அப்ப சீசனுக்கு?"

அண்ணன் தொலைபேசியை எடுத்துக்கொண்டார். "அவனே போகட்டும். நீ எந்திரிச்சிட்டா ஜன்னல்ல யாரு உக்காருவா?"

காலண்டர் பிய்த்துக்கொண்டு போனது. கதவைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

சீசன் தொடங்கும் முன் அண்ணன் மகன் புது பிலிம்களோடு வந்து நின்றான். கெட்ட பையன் இல்லை. கேட்டுப் பழக்கமில்லாதவன், அவ்வளவுதான். "அத்தை, இதைச் சுத்திக் குடுங்களேன். எனக்கு அந்தப் பை வித்தையெல்லாம் வராது."

சுற்றிக் கொடுத்தாள். ஒரு கீறல் இல்லாமல், பிசகாமல். கை தன் வேலையைச் செய்தது.

வாசல்வரை போனவன் திரும்பினான். "காமிராவுல வேற எதுனா மாத்தணுமா அத்தை?"

அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நூறு என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது.

"ஒண்ணும் வேணாம். டப்பாவுல போட்டிருக்கற மாதிரியே வச்சு எடு."

சுற்றுலா முடிந்து வந்த சுருள்களை ஸ்டுடியோக்காரர் கழுவித் தொங்கவிட்டார். நெகட்டிவ் வெறும் கண்ணாடித்தாள் மாதிரி இருந்தது. அச்சிட்டால் அழுக்குப் பழுப்பில் எங்கோ ஒரு மலை, எங்கோ ஒரு தலை. ஸ்டுடியோக்காரர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அவள் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கேட்டிருக்கலாம் என்று இருந்தது அவளுக்கு.

அண்ணன் அவளைத் திட்டவில்லை. சந்தேகப்படக்கூட இல்லை, அவளால் அப்படியொன்று செய்ய முடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "காலாவதியான சரக்கு. இந்த பிலிம் பைத்தியத்துக்கு இன்னியோட முழுக்கு" என்றார். அண்ணி கறுப்புப் பையைப் பிரித்துத் தரை துடைக்க எடுத்துக்கொண்டாள். காமிராவை யாரோ ஒரு பழைய சாமான் பிரியனுக்கு அண்ணன் கொடுத்துவிட்டார். அவளிடம் சொன்னது மறுநாள்.

அண்ணன் மகன் போகிற இடமெல்லாம் கைப்பேசியிலும் எடுத்து வைத்திருந்தான். அந்தப் படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு ஒரு பட்டனை அழுத்தினான். அருவி சிவந்தது. கோட்டை சிவந்தது. டிக்கெட் வாங்க வந்தவர்கள்கூட ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அட, பிரமாதமா இருக்கே" என்றார்கள்.

"அத்தை, ஒரு நிமிஷம். கலர் சரியா இருக்கா பாருங்க. உங்களுக்குத்தானே தெரியும்."

அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். குறை கண்டுபிடிக்கத்தான் போனாள். நன்றாகத்தான் இருந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியாது. பாறையின் நிழல் மட்டும் செத்த சிவப்பாகக் கிடந்தது. வாயை மூடிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"நிழல்ல கொஞ்சம் மஞ்சள் ஏத்து. வெயில் படற எடத்துல சிவப்பைக் குறை."

அவன் ஏற்றினான், குறைத்தான். கோட்டை எரிந்தது.

"சூப்பர் அத்தை!" என்றான். படத்தின் மூலையில் தன் பெயரை அடிக்க ஆரம்பித்தான். ஜன்னலில் யாரோ நாணயத்தால் தட்டிக் கூப்பிட்டார்கள். அவள் போய் உட்கார்ந்தாள்.

"எந்த ஊருக்கு?" என்றாள்.