முழங்கால் வலி

இன்று பார்க் மெட்ரோ ஸ்டேஷனில் மார்வாவைப் பார்த்தேன். எழுபதுகளில் இதே ஊரில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருந்த டிரினிடாட்காரர். அவர் கணவன் டெஸ்மண்ட், என் நண்பன், போன மாதம் இறந்துவிட்டானாம்.

"கார்னிவல்னா உயிரா இருந்த மனுஷன். முழங்கால் வலின்னு ஒரேயடியா விட்டுட்டார்," என்றார்.

எனக்குக் காரணம் தெரியும்.

அவர்கள் ஊர்க் கார்னிவல் திருவிழாவில் நள்ளிரவுக் கொள்ளைக்காரன் என்று ஒரு வேஷம் உண்டு. அகலத் தொப்பி, கறுப்பு அங்கி, மரத்தில் செய்த துப்பாக்கி. போகிறவர்களை மறித்து, எமனே தன்னைக் கண்டால் ஓடுவான் என்று வசனம் பேச வேண்டும். டெஸ்மண்ட் பேசினால் தெருவே நின்று கேட்கும்.

இந்த ஊரிலும் கார்னிவல் ஊர்வலம் நடந்த ஒரு ஜூலையில், அந்த வேஷத்தில் என்னோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தான். போலீஸ் கார் வந்தது. இறங்கிய இருவரும் துப்பாக்கியை நீட்டினார்கள்.

"அது பொம்மை சார்!" என்று கத்தினேன்.

அவனைக் குப்புறத் தள்ளி, முதுகில் பூட்ஸை வைத்து அழுத்தினார்கள். மரம்தான் என்று தெரிந்ததும் அதை உடைத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அவன் எழுந்தபோது கால்சட்டை நனைந்திருந்தது.

"மார்வாகிட்ட சொல்லிடாதே."

இன்று சொல்லிவிட்டேன், அந்த ஈரத்தை மட்டும் விட்டுவிட்டு.

"தினம் ராத்திரி அந்த முழங்காலுக்குத் தைலம் தேய்ச்சேனே," என்றார் மார்வா.

ரயில் வந்தது. அவர் ஏறவில்லை.

நீங்களாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பீர்களா? என் மனைவி அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்கிறாள்.