தமிழ்வாணி இணைத்த பக்கங்கள்

இரண்டு பொருள்களை ஒருவர் சேர்த்து வைக்கிறார். இரண்டில் எதையும் அவர் செய்யவில்லை. சேர்த்து முடித்ததும் விலகிப் போய்விடுகிறார். அப்படியானால் அவர் செய்தது என்ன? தமிழ்வாணியின் வாழ்க்கையோடு கொஞ்ச தூரம் நடந்து பார்க்கிறவருக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. உறவு என்பது தனியாக ஒரு பொருளா, இல்லை இரண்டு பொருள்களுக்குள்ளேயே அடங்கிவிடுகிறதா என்று தத்துவம் படித்தவர்கள் நெடுங்காலமாக வாதாடி வருகிறார்கள். தமிழ்வாணி அந்த வாதத்துக்குள் போனதில்லை. போயிருந்தாலும் இரண்டு தரப்பையும் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து வந்திருப்பார்.

மதுரை கே.கே. நகரில் ஒரு சின்ன மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்பவர் அவர். வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்கு நரம்பு தேடி ஊசி போடுவதில் அவருடைய காலை தொடங்கும். மதியம் டாக்டர் சாப்பிடப் போய்விட்டால் சாயங்காலக் கூட்டம் வரும்வரை லேப் ஓய்ந்து கிடக்கும். கூட வேலை பார்க்கும் அன்னக்கொடி நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொள்வாள். தமிழ்வாணி கணினியில் விக்கியைத் திறப்பார்.

யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்கிற தளங்கள் விக்கிகள். தமிழில் ஒரு கலைக்களஞ்சியம், தமிழில் ஓர் அகராதி, எல்லா மொழிக்கும் பொதுவாகப் படங்களைப் போட்டு வைக்க ஒரு கிடங்கு. இப்படியே மற்ற மொழிகளுக்கும் உண்டு. எல்லாம் சொந்தக்காரர்கள்தான், ஆனால் தனித்தனி வீடுகள். ஒரு வீட்டில் இருப்பது அடுத்த வீட்டுக்குத் தானாகத் தெரியாது. ஒரு நாள் தமிழ்வாணி ஏதோ ஒரு நோயைப் பற்றி ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தின் ஓரத்தில் மொழிகளின் பெயர்கள் வரிசையாக நின்றன. தமிழைக் காணோம். தமிழில் எழுத ஆளில்லை போல என்று நினைத்தார். தேடிப் பார்த்தால் தமிழில் நல்ல பக்கமே இருந்தது. யாரோ பொறுமையாக உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அங்கே போவதற்குத்தான் வழி இல்லை. வழியைப் போட்டுவிட்டு அன்றைக்கு வீட்டுக்குப் போனார். மறுநாளும் அதையே செய்தார்.

எடுத்த எடுப்பில் நன்றாகச் செய்தார் என்று சொல்ல முடியாது. சாமையைப் பற்றிய தமிழ்ப் பக்கத்தை, படத்தை மட்டும் பார்த்துவிட்டு, வரகைப் பற்றிய ஆங்கிலப் பக்கத்தோடு இணைத்தார். ஒரு முடிச்சைப் போட்டால் அதில் ஏற்கெனவே கட்டியிருக்கிற மொழிகளெல்லாம் கூடவே வந்துவிடும். தெலுங்கிலும் கன்னடத்திலும் வரகைத் தேடியவர்கள் தமிழுக்கு வந்து சாமைக்குள் விழுந்தார்கள். கன்னடத்துக்காரர் ஒருவர் தட்டுத்தடுமாறிய தமிழில் எழுதிக் கேட்டார்: "அம்மா, உங்கள் ஊரில் வரகும் சாமையும் ஒரே பானையில் வேகுமா?" அதற்குப் பிறகு இரண்டு பக்கங்களையும் முழுக்கப் படிக்காமல் தமிழ்வாணி எதையும் இணைத்ததில்லை. தெரியாத மொழியாக இருந்தால் மொழிபெயர்ப்பான் வைத்துப் படிப்பார். அதில் சந்தேகம் வந்தால் தொடாமல் விட்டுவிடுவார்.

அவருடைய கணவர் சிவபாண்டிக்குக் காளவாசலில் டூவீலர் ஒர்க்‌ஷாப். சாயங்காலம் கிரீஸ் கையோடு வந்து நின்று கேட்பார்.

"என்ன தமிழு, இன்னைக்கு எத்தன கல்யாணம் முடிச்சு வச்ச?"

"ரெண்டு. ஒண்ணு மராட்டிச் சம்பந்தம்."

"கமிஷன் எம்புட்டு?"

"அவுக நல்லா இருந்தாப் போதும்."

"நானும்தான் நாள் பூரா செயின மாட்டி விடுறேன். ஒருத்தன்கிட்டயாவது இப்பிடிச் சொல்லியிருக்கேனா?"

பக்கங்கள் எழுதும்படி பலர் அவரிடம் சொல்லிப் பார்த்தார்கள். எழுத வரவில்லை என்பார். அவர் இணைத்தவற்றில் பெரும்பாதி செல்வக்குமார் என்பவர் எழுதியவை. ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியர். மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களை ஒவ்வொன்றாக எழுதி வந்தார். காலையில் அவர் ஒரு கண்மாயைப் போட்டால் மாலைக்குள் தமிழ்வாணி அதைப் படக்கிடங்கோடு சேர்த்துவிடுவார். கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் 'கலுங்கு' என்ற சொல்லுக்கு அகராதியில் வழி போட்டுவிடுவார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டதில்லை. விக்கியின் பேச்சுப் பக்கத்தில் அவர் 'சகோதரி' என்று எழுதுவார், இவர் 'அண்ணே' என்று எழுதுவார். ஐந்து வருடப் பழக்கம். தமிழ்வாணியின் பயனர் பெயர் வெறும் வாணி என்பதால் அவருக்கு ஊரோ பேரோ தெரியாது. அவருடைய ஊர் இவருக்குத் தெரியும்.

செல்வக்குமாருக்குச் சமயநல்லூர் பக்கம் நாவலூருணி. தலைமுறைகளாக அங்கே பயிர் செய்கிற குடும்பம். தன் ஊருக்கும் அவர் ஒரு பக்கம் எழுதியிருந்தார். கண்மாய், கோயில், கிடாவெட்டு, பள்ளிக்கூடம், கைப்பந்துக் குழு எல்லாம் அதில் இருந்தன. கண்மாய்க்குக் கிழக்கே இருக்கும் பீமநகர் இல்லை. அங்கே இருப்பவர்கள் ஒரு காலத்தில் நாவலூருணியின் வயல்களில் கூலிக்கு இறங்கியவர்கள். இன்று நர்சுகளும் எலக்ட்ரீசியன்களும் ஒரு வக்கீலும் அங்கே உண்டு, நிலம் வாங்கியவர்களும் உண்டு. ஊரின் மக்கள்தொகையில் அவர்களும் சேர்ந்திருந்தார்கள். தலையை எண்ணும்போது இருந்தார்கள். தெருவைச் சொல்லும்போது இல்லை. தமிழ்வாணி பிறந்தது பீமநகரில்.

அவர் செல்வக்குமாரிடம் எதுவும் கேட்கவில்லை. எழுத வராது என்றவர், பீமநகர் என்று ஒரு பக்கம் எழுதினார். ஆதாரத்துக்கு நூலகத் திறப்பு விழாக் கல்வெட்டைச் சிவபாண்டியைப் படம் பிடிக்கச் சொல்லிக் கிடங்கில் ஏற்றினார். சின்னப் பக்கம்தான். அவர் எழுதியது அது ஒன்றுதான்.

அதை வேறு மொழி எதனோடும் இணைக்க முடியவில்லை. ஆங்கிலத்தில் நாவலூருணி என்று ஒரு பக்கம் உண்டு. நெடுஞ்சாலையில் போன யாரோ எழுதியது. அதில் சொல்லியிருக்கும் நூலகம், தண்ணீர்த் தொட்டி, கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் சிலை மூன்றும் பீமநகரில் இருப்பவை. பெயர் மட்டும் நாவலூருணி. செல்வக்குமார், சகோதரிக்கு எதற்கு வேலை வைக்க வேண்டும் என்று, அதைத் தன் பக்கத்தோடு தானே இணைத்திருந்தார். ஒரு மொழியின் ஒரு பக்கத்தை இன்னொரு மொழியில் ஒரே ஒரு பக்கத்தோடுதான் இணைக்கலாம். விக்கியில் அதுதான் விதி.

போன ஆடியில் சென்னைக்காரர் ஒருவர் பீமநகர்ப் பக்கத்தின் தலையில் ஓர் அறிவிப்பை வைத்தார்: இது நாவலூருணியின் ஒரு பகுதியே என்பதால் அந்தப் பக்கத்தோடு சேர்த்துவிடலாமா? ஆட்சேபம் இருந்தால் ஒரு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். சேர்த்தால் பீமநகர் என்ற பக்கம் இருக்காது. தேடி வருகிறவர்கள் நாவலூருணியில் போய் நிற்பார்கள். முதல் கருத்து செல்வக்குமாருடையது. "சேர்க்கலாம். அதே ஊர்தான். நான் அந்த ஊர்க்காரன்." அவர் இதைத் தீய எண்ணத்தோடு எழுதவில்லை. யோசித்து எழுதினார் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பக்கத்தை எழுதியது யார் என்று பார்க்கவும் இல்லை.

அன்று மதியம் தமிழ்வாணி பதில் எழுதினார், அழித்தார். மறுபடியும் எழுதினார், அழித்தார். சாயங்காலம் இரண்டு பேருக்கு நரம்பு தப்பி, திரும்பக் குத்த வேண்டியதாயிற்று.

"யாரோ எவரோன்னா நாலு கேள்வி கேட்டிருப்பேன்," என்றார் சிவபாண்டியிடம். "இவரு அஞ்சு வருசமா நான் அண்ணேன்னு கூப்பிட்டவரு."

"அப்பன்னா அண்ணங்கிட்டயே கேளு. ஞாயித்துக்கெழமை உங்க விக்கி ஆளுக கூடுறாகள்ல. நான் கொண்டு போயி விடுறேன்."

மதுரையில் ஒரு கல்லூரியின் கணினி அறையில் கூட்டம். செல்வக்குமார் வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார்.

"நீங்கதானா அந்த வாணி! ரிட்டயர்டு தலைமையாசிரியை யாரோன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன். அம்புட்டு ஒழுங்கா இருக்கும் உங்க வேலை."

"நான் உங்களக் கண்மாய்க்குள்ளயே குடியிருக்கிறவருன்னு நெனச்சேண்ணே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சமோசா வந்தது.

"எந்த ஊரும்மா உங்களுக்கு?"

"சமயநல்லூர் பக்கம்."

"அட, நம்ம ஏரியா! அங்கன எங்க?"

"நாவலூருணிக் கண்மாய்க்குக் கிழக்க."

கண்மாய்க்குக் கிழக்கே இருப்பது ஒரே ஊர். செல்வக்குமார் சமோசாவை அப்படியே தட்டில் வைத்தார்.

"அப்ப அந்தப் பக்கத்த எழுதுனது..."

"நான்தாண்ணே."

"எனக்குத் தெரியாதும்மா."

"தெரிஞ்சிருந்தா?"

தமிழ்வாணியின் குரலில் சூடு இல்லை. ஊசி போடுமுன் கையை நீட்டச் சொல்கிற குரல்தான்.

"ஒண்ணு கேக்குறேன். நீங்க பீமநகருக்குள்ள வந்திருக்கீகளா?"

"நூலகத்துக்கு முன்னாடிதான் பஸ் ஏறுவேன்."

"உள்ள?"

"இல்லம்மா. வந்ததில்ல."

"பிறகெப்பிடிண்ணே ஒரே ஊரு?"

வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்ற சிவபாண்டியிடம் செல்வக்குமாரே போய்க் கேட்டார், "மாப்ள, இப்பப் போனா இருட்டுறதுக்குள்ள வந்துரலாமா?" இதைப் பெரிய காரியம் என்று சொல்வதற்கில்லை. ஒரு மனிதர் தன் ஊர்க் கண்மாயைச் சுற்றி வண்டியில் போனார், அவ்வளவுதான். அவருடைய அப்பா போனதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

தமிழ்வாணியின் சின்னம்மா ராமக்காள் வீட்டு வாசலில் வண்டிகள் நின்றன.

"யாரு தமிழு இது?"

"நாவலூருணி வாத்தியாரு சின்னம்மா. நம்ம கண்மாயப் பத்தி எழுதுறவரு."

"கரையத் தாண்டி வர இம்புட்டு வருசமா? கரை அம்புட்டு நீளமா தம்பி?"

"நீளத்த அளந்து எழுதிட்டேம்மா. நடந்து பாக்கலை," என்றார் செல்வக்குமார்.

"மடையத் தொறக்கிறது எங்க வீட்டுக்காரரு. அத எழுதியிருக்கியா?"

"மழை முடிஞ்சதும் மடை திறக்கப்படும்னு எழுதியிருக்கேன்."

"அதுவாத் தொறந்துக்கிருமாக்கும்!"

சிவபாண்டி சிரித்ததில் அவருக்குப் புரை ஏறிவிட்டது. ராமக்காள் டீயை எவர்சில்வர் டம்ளரில் கொண்டு வந்து கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார். செல்வக்குமார் வாங்கிக் குடித்தார். அதைப் பார்த்த பிறகுதான் ராமக்காள் உட்கார்ந்தார். பிறகு எல்லோரும் தெருத்தெருவாக நடந்தார்கள். நூலகத்தையும் தொட்டியையும் சிலையையும் செல்வக்குமார் நின்று நின்று பார்த்தார். படம் எடுக்கவில்லை.

மறுநாள் காலை பேச்சுப் பக்கத்தில் அவர் எழுதியிருந்தார்: "இவை இரண்டு ஊர்கள். ஒன்றில் நான் பிறந்தேன். மற்றதற்கு நேற்றுத்தான் முதன்முதலாகப் போனேன். என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன்." சென்னைக்காரர் வருத்தம் சொல்லி அறிவிப்பை எடுத்துவிட்டார். பீமநகர் தன் பக்கத்தோடு நின்றது. செல்வக்குமாருடைய பக்கத்தில் இன்னொரு மாற்றமும் தெரிந்தது. மடை திறப்பவரின் பெயர் அதில் ஏறியிருந்தது.

மதியம் தமிழ்வாணிக்குத் தனியாக ஒரு செய்தி. "சகோதரி, அந்த ஆங்கிலப் பக்கத்தில் இருப்பதெல்லாம் உங்கள் ஊர். கண்ணால் பார்த்துவிட்டேன். என் பக்கத்திலிருந்து அதை அவிழ்த்துவிட்டேன். நீங்கள் இணைத்துக்கொள்ளுங்கள்."

தமிழ்வாணி ஆங்கிலப் பக்கத்தைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தார். நாவலூருணிப் பக்கத்தைப் படித்தார். பீமநகர்ப் பக்கத்தையும், தான் எழுதியதாயிற்றே என்று விட்டுவிடாமல், கடைசி வரை படித்தார். நாற்காலிகளின் மேலிருந்து அன்னக்கொடி, "சாப்பிடலயாக்கா?" என்றாள். "இந்தா, வாரேன்," என்றவர் ஆங்கிலப் பக்கத்தை இணைத்தார். செல்வக்குமாருடைய பக்கத்தோடு, முன்பு இருந்தபடியே.

சாயங்காலம் செல்வக்குமார் போன் செய்தார்.

"என்னம்மா, கை தவறி மாத்திக் கட்டிட்டீகளா?"

"இல்லண்ணே."

"பிறகு ஏன்?"

"அடுத்து எந்தக் கண்மாய எழுதுறீக?"

செல்வக்குமார் வாடிப்பட்டிப் பக்கம் ஒன்று பாக்கி இருப்பதாகச் சொன்னார்.

சிவபாண்டியும் கேட்டுப் பார்த்தார். "அடுத்தவுக எழுதுனதத்தான் சேத்து வைப்பேன், என்னுதுக்கு நானே தரகு பாக்க மாட்டேன்," என்றார் தமிழ்வாணி. சின்னம்மா ராமக்காளுக்கு விவரம் புரியாவிட்டாலும் அவரும் கேட்டார். பீமநகருக்கென்றே ஆங்கிலத்தில் புதுப் பக்கம் எழுதித் தருவதாகச் செல்வக்குமார் சொன்னார், எழுதியும் கொடுத்தார். நன்றாகவே எழுதியிருந்தார். தமிழ்வாணி முழுக்கப் படித்தார், இரண்டு இடங்களில் தகவலைத் திருத்தினார், நன்றிப் பொத்தானை அழுத்தினார். பிறகு தமிழ்ப் பக்கத்தை அதோடு இணைக்காமல், அடுத்த வேலையைத் திறந்தார்.