விளக்கு வைத்த பிறகு ஒரு கரண்டி உறைமோர்

போன வெள்ளிக்கிழமை, திண்டிவனத்தில் ஒரு பெரிய அண்டாப் பாலைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தேன். இந்த வயதில் உனக்கு இது தேவையா என்று கேட்பீர்கள். தேவைதான்... தங்கைக்காக.

தங்கை மல்லிகா படித்தது உணவுத் தொழில்நுட்பம். சென்னையில் பால் கம்பெனி லேப் வேலையை விட்டுவிட்டு வந்து, வீட்டில் நாவல்பழ மோர் தயாரிக்கிறாள். மோரின் நல்ல பாக்டீரியாவும் நாவல்பழத்தின் ஆன்ட்டி-ஆக்ஸிடன்ட்டும் ஒரே டம்ளரில். விக்கிரவாண்டியில் ஹோட்டல் வைத்திருப்பவர் ஒருமுறை குடித்துவிட்டு, "இதே ருசியில சனிக்கெழம கொண்டாங்க, முடிவு சொல்றேன்" என்றிருந்தார். அது தட்டிப்போனால் திங்கட்கிழமை அவள் மறுபடி சென்னை வேலைக்குப் போக வேண்டும்; பெட்டிகூடக் கட்டி வைத்தாகிவிட்டது. பெற்ற பிள்ளைகளை வாரக் கடைசியில் மட்டும் பார்க்கிற வாழ்க்கை.

வெள்ளிக்கிழமை மதியம் என்ன செய்தாள் தெரியுமா? நிறம் இன்னும் தூக்கலாக வரட்டும் என்று, கடைந்த மோரில் சேர்க்க வேண்டிய பழச்சாற்றை வெதுவெதுப்பான பாலிலேயே சேர்த்து, உறையும் ஊற்றிவிட்டாள். சாயங்காலம் பார்த்தால் பால் முழுக்கத் திரிந்து, ஊதா நிறத்தில் திப்பி திப்பியாக... வீட்டிலிருந்த உறைமோர் அத்தனையும் அதற்குள் போய்விட்டது.

"கடையில ஒரு தயிர் பாக்கெட் வாங்கியாரட்டுமா?" என்றேன்.

"ருசி மாறிடும்ண்ணே. அவரு குடிச்சது எதிர்வீட்டு அக்கா தயிர்ல உறை ஊத்துனது."

எதிர்வீட்டுத் தனலட்சுமி அக்காவிடம் ஓடினோம். அவர் அப்போதுதான் சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்தார்.

"விளக்கு வெச்சப்புறம் தயிரை வெளிய குடுக்கறதில்ல மல்லிகா. வெள்ளிக்கெழம வேற. காலைல வாங்கிக்கயேன்."

காலையில் வாங்கினால் எப்போது உறைவது, எப்போது கடைவது? மல்லிகாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ கோபம் — இந்தக் காலத்திலும் இப்படியா என்று கேட்க வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, அக்கா முந்திக்கொண்டார்.

"அதுக்கு ஏன் அழுதுக்கினு நிக்கற? தயிர்தானே வெளிய போகக் கூடாது? நீ பாலை இங்க கொண்டா. எங்கூட்டுலயே உறை ஊத்தி வைக்கறேன். விடிஞ்சதும் எடுத்துக்கினு போ."

புதுப் பால் வாங்கி, மல்லிகா காய்ச்சி ஆறவைக்க, நான் தூக்கினேன். அந்தக் கதைதான் மேலே சொன்னது.

சம்பிரதாயம் பார்க்கிறவர்களைக் கண்டு இனி நான் பயப்படுவதாக இல்லை. உதவ மனமிருந்தால் சம்பிரதாயத்துக்குள்ளேயே ஒரு வழி கண்டுபிடித்துவிடுகிறார்கள். மனமில்லாதவர்களுக்குச் சம்பிரதாயம் எதற்கு? "பார்க்கலாம்" என்ற ஒரு வார்த்தை போதாதா?

காலையில் தயிர் கெட்டியாக உறைந்திருந்தது. அப்பாடா என்றிருந்தது. கடைந்து, சாறு சேர்த்து, விக்கிரவாண்டிக்கு எடுத்துப் போனோம். ஹோட்டல்காரர் ஒரு டம்ளர் குடித்தார். இன்னொன்று கேட்டு வாங்கினார்.

"திங்கக்கெழமைல இருந்து தெனமும் கொண்டாந்துடுங்க."

மல்லிகா அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை. போனை எடுத்து மகளைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, அம்மா பெட்டியில இருக்கற துணியெல்லாம் எடுத்து பீரோவுல வெச்சிடு."

நன்றியை நான் சொன்னேன். அவள் பங்கையும் சேர்த்து, இரண்டு தடவை.