கிழக்கே நீட்டிய கால்கள்

சில்வெஸ்டருக்கு ஆண்டவர்மேல்கூட ஒரு சின்னச் சந்தேகம் உண்டு. நல்லவன்மேலும் கெட்டவன்மேலும் ஒரே சூரியனை உதிக்கச் செய்கிறாரே, அந்த நியாயம் அவருக்குப் பிடிபடுவதே இல்லை. "கெட்டவனுக்கு எதுக்கு வெயிலு? அவன் வீட்டுப் பக்கம் மட்டும் அடைச்சிட வேண்டியதுதானே?" என்று வேதபாடக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்பார். பாடம் நடத்தும் உபதேசியார் அலெக்சாண்டர், சில்வெஸ்டரின் மனைவிக்கு அண்ணன் முறை. "நீ உக்காரு மச்சான். உன் மேல அடிக்கிற வெயில முதல்ல பாரு லா" என்பார். கூட்டம் சிரிக்கும். சிரித்தவர்கள் யார் யார் என்று சில்வெஸ்டர் ஒருமுறை சுற்றிப் பார்த்து வைத்துக்கொள்வார்.

ஈப்போவில் ஒரு கோண்டோ அடுக்குமாடியில் பதினேழு வருஷமாக ஜாகா வேலை, வாசல் காவல். வேலைக்கேற்ற ஆளா, ஆளுக்கேற்ற வேலையா, சொல்ல முடியாது. வீடு பக்கத்து ஊரான லகாட்டில், மூன்றாம் மாடி ஃபிளாட். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். கீழே மோட்டோ வண்டிவரை போனவர் திரும்ப ஏறி வந்து நாலாவது முறையும் இழுப்பார். பாசாரில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். இவர் மீன்காரன் முகத்தையும் அதே மாதிரி பார்ப்பார். மகள் வெண்டி கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். அவள் கொண்டுவரும் பிரஷர் மாத்திரையையே வெளிச்சத்தில் பிடித்துத் தேதி படித்துவிட்டுத்தான் விழுங்குவார்.

"பெத்த புள்ளையாப்பா வெஷம் வைக்கும்?" என்று அவள் கத்துவாள்.

"யாரு கண்டா" என்பார், சாவகாசமாக.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர் ஆகையால் சூரியனோடும் அவருக்கு நல்ல உறவு கிடையாது. இருட்டில் நெற்றிவிளக்கு கட்டிக்கொண்டு வெட்டினால்தான் பால் ஓடும். வெயில் ஏறினால் நின்றுவிடும். சூரியன் தலையைக் காட்டியதும், வேலை வாங்கும் மண்டோர் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பது போல உடம்பு விறைக்கும். ஆகவே, பைபிள் சங்கீதத்தில் சூரியன் மணவறையிலிருந்து புறப்படும் மாப்பிள்ளை மாதிரி வருகிறது என்று அலெக்சாண்டர் சொன்னபோது, "மாப்பிள்ளையா? மண்டோரு லா அவன்!" என்று இவர் போட்டு உடைத்துவிட்டார்.

ஒரே ஒரு சூரியனை மட்டும் எதிர்க்கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டார். மலாக்கி தீர்க்கதரிசி சொன்ன நீதியின் சூரியன். சிறகுகளில் சுகத்தை வைத்துக்கொண்டு உதிக்கிறவர். அது கிறிஸ்துதான், அவர் திரும்பி வருவது கிழக்கிலிருந்து என்பது நம்பிக்கை. அதனால்தான் செத்தவர்களைத் தலை மேற்கிலும் கால் கிழக்கிலுமாக வைப்பது. எக்காளம் ஊதியதும் எழுந்து உட்காருகிறவர்களுக்கு நேரெதிரே அவர் முகம் இருக்கும். அலெக்சாண்டர் இதை விளக்கிய அன்று எல்லோரும் வியந்து தலையாட்டினார்கள். சில்வெஸ்டர் ஆட்டவில்லை. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம் அது. தன் மனைவி இசபெல்லாவை அப்படித்தான் வைத்திருக்கிறார், தன் கையாலேயே.

இசபெல்லா ஏழாங்கட்டைத் தோட்டத்துப் பெண். பாகான் செராய் வயல்காட்டுப் பக்கம் பிறந்த சில்வெஸ்டர், கல்யாணத்துக்குப் பிறகுதான் அந்தத் தோட்டத்துக்குக் குடி வந்தார். இரண்டே வருஷ வாழ்க்கை. வெண்டியின் முதல் பிறந்தநாள் முடிந்த மறுமாசம், தொண்ணூற்றொன்பது டிசம்பரில், டெங்கிக் காய்ச்சல் ஐந்து நாளில் அவளைக் கொண்டுபோய்விட்டது. குழி வெட்ட இரண்டு பேர் வந்தார்கள். "தண்ணி போட்டவனுங்க, நாய் தோண்டுற மாதிரி தோண்டிட்டுப் போயிடுவானுங்க" என்று அவர்களை விரட்டிவிட்டார். விடியுமுன்னே நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு, மம்மட்டியோடு தனியாகப் போனார்.

குடியிருப்பு லயத்திலிருந்து தள்ளி, இரண்டு சுண்ணாம்பு மலைகளுக்கு நடுவில் இருந்தது இடுகாடு. அதற்கு முன் அவர் அங்கே போனதில்லை. மேட்டில் இடமில்லாததால் கீழே ஒதுக்குப்புறமாக வெட்டினார். நாலைந்து நாளாக மழை மூட்டம். குழி இடுப்பளவு இறங்கியபோது எதிரே பாறை முகம் வெளுத்து வெளிச்சம் வந்தது. அந்தப் பக்கம் கால் வரும்படி பார்த்து, தலைமாட்டில் சிலுவையை ஊன்றினார். அந்த மாசமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு வந்துவிட்டார். பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை, கல்லறைத் திருநாள் சாயங்காலம், மெழுகுவர்த்தியோடு போவார். நவம்பர் மழையில் திரி அணையாமல் குடை பிடிக்கவே நேரம் சரியாக இருக்கும்.

இப்போது தோட்டத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்கள். அங்கிருந்த பதினான்கு கல்லறைகளையும் ஈப்போவுக்கு வெளியே புது இடத்துக்கு மாற்றப்போவதாகக் கடிதம் வந்தது. சில்வெஸ்டருக்குச் சோறு இறங்கவில்லை. எலும்பை வாரி எப்படியோ போட்டு மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? இசபெல்லா எழுந்து உட்காரும் நாளில் எதிரே வெறும் மதில் சுவர் இருந்தால்?

வேலையை எடுத்த காண்ட்ராக்டர் கோகிலனுக்கு முப்பது வயது, நல்ல பொறுமைசாலி. பொறுமைக்கும் ஓர் அளவு வேண்டாமா? ஒரே வாரத்தில் பதினோரு தடவை போன்.

"தம்பி, கெழக்க எப்படிப் பாப்ப?"

"போன்ல காம்பஸ் இருக்குண்ணே."

"அது சரியா காட்டுதான்னு யாரு பாத்தா?"

"தொழுற முஸ்லிம்ங்களே இதப் பாத்துத்தான்ணே கிப்லா பக்கம் திரும்புறாங்க."

"இருக்கட்டும். பழைய குழியிலேயே வச்சு ஒருக்கா சோதிச்சிடு. அது நான் வச்சது, சரியா இருக்கும்."

அதோடு விட்டாரா? எலும்பு வைக்கும் சின்னப் பெட்டியைத் தானே வாங்கி, கால் வரவேண்டிய முனையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு சூரியனை வரைந்தார். யாராவது பெட்டியைத் திருப்பினால் உடனே தெரிந்துவிடும் அல்லவா.

ஈஸ்டர் முடிந்து வந்த சனிக்கிழமை காலை, தோட்டத்தில் வேலை தொடங்கியது. பிரஷர் ஏறிவிடும் என்று வெண்டி அவரைக் கூடாரத்துக்குக் கீழே நாற்காலியில் உட்காரவைத்தாள். உட்கார்ந்தாரே தவிர, கண் முழுக்க அங்கேதான்.

கோகிலன் இசபெல்லாவின் சிலுவைக்குப் பக்கத்தில் போனை வைத்தான். எடுத்தான். உதறிவிட்டு மறுபடியும் வைத்தான். பிறகு அலெக்சாண்டரைக் கூப்பிட்டுக் காட்டினான். அலெக்சாண்டர் சட்டென்று உள்ளங்கையால் அந்தப் போனை மூடினார். வெண்டி போனாள். மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. வெண்டி திரும்பி அப்பாவைப் பார்த்தாள்; அவர் பார்ப்பது தெரிந்ததும் முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள்.

சில்வெஸ்டர் நாற்காலியைத் தள்ளிவிட்டார். எழுந்து போனார்.

"என்ன அங்க?"

"ஒண்ணுமில்ல மச்சான். வா, ஜெபம் பண்ணலாம்" என்றார் அலெக்சாண்டர்.

ஒண்ணுமில்லை என்று சொன்ன எவனையும் சில்வெஸ்டர் வாழ்நாளில் நம்பியதில்லை. ஆள் மாறிவிட்டதோ? வேறு யாருடைய எலும்போ? ஆனால் மண்ணை விலக்கியதும், அவள் கழுத்தில் அவர் போட்டுவிட்ட மாதா பதக்கம் பச்சை பூத்துக் கிடந்தது. அப்படியானால் ஆள் சரி. பிறகு எதை மறைக்கிறார்கள்? தன் சொந்த மகளுமா? வேனில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மஞ்சள் சூரியன்மேல் கையை வைத்தபடியே வந்தார்.

புது இடத்தில் குழி தயாராக இருந்தது. மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. கோகிலன் பெட்டியைத் தூக்கப்போன நேரம், சில்வெஸ்டர் குறுக்கே வந்து நின்றார்.

"தொடாத! மூடிய தொற. நான் பாக்கணும்."

"ப்பா, வேணாம்ப்பா" என்று வெண்டி அழ ஆரம்பித்தாள்.

"மூணு பேரும் சேந்து என்னமோ பண்ணியிருக்கீங்க. என் கண்ணு முன்னாடியே பண்ணியிருக்கீங்க! சொல்ற வரைக்கும் இவ இங்கேருந்து நகர மாட்டா."

கோகிலன் அலெக்சாண்டரைப் பார்த்தான். அலெக்சாண்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பெட்டியில ஒரு தப்பும் இல்ல மச்சான். பழைய குழியிலதான் தப்பு. தங்கச்சி தலை கெழக்கால இருந்துச்சு, காலு மேக்கால இருந்துச்சு. இந்தத் தம்பி காம்பஸ் வச்சதும் காட்டிருச்சு. உனக்குத் தெரியவேணாம்னு நான்தான் வாய மூடச் சொன்னேன்."

"பொய்! வெளிச்சம் வந்த பக்கம்தான் கால வச்சேன். என் கண்ணால பாத்தேன்."

"அந்த எடத்துல கெழக்கு மல ஒசரம். ஒம்போது மணி வரைக்கும் சூரியன் தெரியாது. மொத வெளிச்சம் மேக்கு மலப் பாறையிலதான் அடிக்கும், சுண்ணாம்பு அடிச்ச சொவரு மாதிரி வெளுத்துக் காட்டும். அங்க பொறந்த எங்களுக்குத் தெரியும். நீ வயக்காட்டுக்காரன், மச்சான்."

பூட்டின கதவை நாலு முறை இழுத்துப் பார்க்கிறவர், இருபத்தைந்து வருஷத்தில் தன் கைவேலையை ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்கவில்லை.

"உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"ஏன்டா சொல்லல?" உபதேசியார், மைத்துனர் என்ற மரியாதை எல்லாம் பறந்துவிட்டது.

"மம்மட்டிய யாருகிட்டயாச்சும் குடுத்தியா நீ? கிட்ட வந்தவன எல்லாம் வெரட்டுன. பெட்டிய எறக்குற வரைக்கும் ஒருத்தனையும் பேச விடல. அந்த மூஞ்சியப் பாத்து எவன் சொல்லுவான்? அப்புறம் சொல்ல மனசு வரல. அது என் தப்புதான். மன்னிச்சிடு."

சில்வெஸ்டர் அந்த மண்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பெட்டியைத் தடவினார். "அவரு வர்ற பக்கத்துக்குப் பின்மண்டையக் காட்டிக்கிட்டுக் கெடந்தியா புள்ள, இத்தன வருஷமா? நான்தான் புள்ள. வேற யாருமில்ல, நான்தான்" என்று சொல்லிச் சொல்லி அழுதார். ஊரில் யார்மேலெல்லாமோ போட்ட பழி அத்தனையும் ஒரே நாளில் தன் வீட்டுக்குத் திரும்பி வந்தது போல இருந்தது.

வெண்டி பக்கத்தில் குந்தி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நடுவுலயே அவரு வந்திருந்தாலும், அம்மாவுக்குத் திரும்பிப் பாக்கத் தெரியாதா ப்பா?"

"யாரு கண்டா" என்றார் சில்வெஸ்டர். ஆனால் இந்த முறை அது சந்தேகமாக வரவில்லை; ஆசையாக வந்தது.

கோகிலன் தயங்கித் தயங்கிப் போனை நீட்டினான். "அண்ணே, எறக்குறதுக்கு முன்னால நீங்களே ஒருக்கா பாத்துக்குங்க."

சில்வெஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். சூரியன் நேர் உச்சியில் நின்றது. நிழல் எல்லோருடைய காலடியிலும் ஒடுங்கிக் கிடந்தது. கிழக்கு எது, மேற்கு எது என்று அதை வைத்துச் சொல்ல வழியில்லை. நல்லவன், கெட்டவன், கோகிலன், அலெக்சாண்டர், தான் என்று எல்லோர் தலையிலும் ஒரே வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

போனை அவர் வாங்கவில்லை.

"நீ பாத்தியா தம்பி?"

"பாத்தேண்ணே. ரெண்டு தடவ."

"மச்சான் பாத்தாரா?"

"பாத்தாரு."

"அப்ப எறக்குங்க."

பெட்டி இறங்கியது. முதல் மண் தள்ள வேண்டியவர் அவர்தான் என்று மம்மட்டியை அவர் கையில் கொடுத்தார்கள். அதை வாங்கினார். பிறகு அலெக்சாண்டர் பக்கம் நீட்டினார்.

"இந்தா மச்சான். நீ தள்ளு."